முடிசூடாத மூன்றாம் ஜேம்ஸ்

பிரிட்டனின் அரசர் என்ற பட்டத்தை மிக நீண்ட காலம் தாங்கியவர் யார் என்ற கேள்விக்கு அண்மைக் காலம் வரை விக்டோரியா என்றே எல்லோரும் பதில் சொல்லி வந்தார்கள். விக்டோரியா ஆண்டது 63 ஆண்டுகள். ஆனால் 1701 செப்டம்பரில் தந்தை இறந்த நாள் முதல் 1766 ஜனவரி 1 அன்று தாம் இறக்கும் வரை, 64 ஆண்டுகளுக்கும் மேலாக, ஜேம்ஸ் பிரான்சிஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் என்பவர் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் மூன்றாம் ஜேம்ஸாகவும் ஸ்காட்லாந்துக்கு எட்டாம் ஜேம்ஸாகவும் தம்மைக் கருதி வாழ்ந்தார். அந்தக் கால அளவை இரண்டாம் எலிசபெத் கடந்தது 2016-இல்தான். ஜேம்ஸின் தலையில் யாரும் முடிசூட்டவில்லை. அரசர் என்ற உரிமையோடு அவர் தம் நாட்டு மண்ணில் இருந்தது ஏறக்குறைய ஆறு வாரங்கள். அதுவும் ஸ்காட்லாந்தின் கடுங்குளிரில், காய்ச்சலோடு. மற்றக் காலமெல்லாம் பிரான்சிலும் லொரேனிலும் இத்தாலியிலும் பிறர் தந்த வீடுகளில் கழிந்தது.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவரை இரண்டு பத்திகளில் முடித்துவிட்டு, இவருடைய மூத்த மகன் சார்லஸிடம் விரைந்துவிடுகின்றன. சார்லஸுக்கு அழகு இருந்தது, 1745-ஆம் ஆண்டுப் படையெடுப்பு இருந்தது, மலைநாட்டுப் பாட்டுகள் இருந்தன. தந்தைக்கு அவற்றில் ஒன்றுமில்லை. சோர்ந்த முகமும் ஓயாத கடிதப் போக்குவரத்தும் நீண்ட நேர வழிபாடும்தான் அவரைப் பற்றி எஞ்சிய சித்திரம். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, இந்தக் கதையை எத்தனை முறை வாசித்தாலும் என் மனம் மகனிடம் நிற்பதில்லை, தந்தையிடமே திரும்புகிறது. தம் நம்பிக்கையை விட்டுக்கொடுத்தால் அரியணை கிடைக்கக்கூடும் என்று அவரிடம் நேரடியாகவே சொல்லப்பட்டது. அவர் மறுத்தார். அந்த மறுப்பை மதிக்கிறேன். ஆனால் அதற்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்த வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

அவருடைய பிறப்பே ஒரு வழக்காகிவிட்டது. கத்தோலிக்கராக மாறியிருந்த இரண்டாம் ஜேம்ஸ் அரசருக்கும், அவருடைய இரண்டாம் மனைவியான மொடீனா நாட்டு மேரிக்கும், 1688 ஜூன் 10 அன்று லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் ஆண் குழந்தை பிறந்தது. அதுவரை அரசருக்கு வாரிசுகளாக இருந்தவர்கள் முதல் மனைவியின் மகள்களான மேரியும் ஆனும். இருவரும் புராட்டஸ்டன்ட் முறையில் வளர்க்கப்பட்டவர்கள். வயதான கத்தோலிக்க அரசரை அவர் காலம் முடியும் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்த பிரபுக்களுக்கு, இந்தக் குழந்தை கத்தோலிக்க அரச மரபு ஒன்றின் தொடக்கமாகத் தெரிந்தது. உடனே ஒரு வதந்தி கிளம்பியது: அரசிக்குக் குழந்தை பிறக்கவில்லை, மெத்தையைச் சூடாக்கத் தணல் போட்டுக் கொண்டுவரும் மூடிபோட்ட பாத்திரத்துக்குள் வேறு யாருடைய குழந்தையையோ மறைத்துக் கொண்டுவந்து படுக்கையில் வைத்துவிட்டார்கள் என்று. அரச குலப் பிறப்புகளைப் போலவே இந்தப் பிறப்பும் அறை நிறைய ஆட்கள் பார்த்திருக்க நடந்த ஒன்று. இருந்தும் அக்டோபரில் அரசர் தம் ஆலோசனை அவையைக் கூட்டி, பிரசவ அறையில் இருந்தவர்களைச் சாட்சி சொல்லவைக்க வேண்டியதாயிற்று. ஒரு தாயின் பிரசவத்தை அவையில் சாட்சி வைத்து நிரூபிக்கவேண்டிய அவமானத்தை மேரி எப்படித் தாங்கினார் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். சாட்சியங்கள் அச்சிடப்பட்டன. நம்ப விரும்பாதவர்கள் நம்பவில்லை.

நவம்பரில், அரசரின் சகோதரி மகனும் அவருடைய மூத்த மகளின் கணவருமான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் ஹாலந்திலிருந்து படையோடு வந்து இறங்கினார். டிசம்பர் மாதத்து மழையிரவு ஒன்றில், எளிய பெண்ணைப் போல் உடுத்திக்கொண்ட அரசி ஆறு மாதக் குழந்தையுடன் தேம்ஸ் நதியைப் படகில் கடந்து, லாம்பெத் தேவாலயச் சுவரோரம் வண்டிக்காகக் காத்திருந்து, பின்னர் பிரான்சுக்குக் கப்பலேறினார். அரசரும் சில நாட்களில் தப்பிச் சென்றார். பதினான்காம் லூயி அவர்களுக்குப் பாரிசுக்கு அருகிலுள்ள சாங்-ஜெர்மேன்-ஆங்-லே அரண்மனையைத் தந்தார். ஜேம்ஸ் வளர்ந்தது அங்கேதான். 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் தந்தை தோற்றுத் திரும்பினார். 1701 ஜூனில் இங்கிலாந்து நாடாளுமன்றம், கத்தோலிக்கரோ கத்தோலிக்கரை மணந்தவரோ அரியணை ஏறக்கூடாது என்று சட்டம் இயற்றி, இரத்த உறவில் நெருக்கமாக இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்களைத் தாண்டிப்போய், ஜெர்மானிய நாடான ஹானோவரைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் உறவினர் சோஃபியாவையும் அவருடைய சந்ததியையும் வாரிசாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தந்தை இறந்தபோது ஜேம்ஸுக்கு வயது பதின்மூன்று. லூயி அவரை அரசராக அங்கீகரித்தார். மறு ஆண்டே இங்கிலாந்து நாடாளுமன்றம் அந்தச் சிறுவனைத் துரோகி என்று அறிவித்துச் சட்டம் போட்டது.

அவர் கோழையல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்; பிற்காலத்துச் சோர்வான படம் இதை மறைத்துவிடுகிறது. 1708-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் அவரை ஏற்றிக்கொண்டு ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரம் வரை சென்றன. புறப்படும் வேளையில் அவரைத் தட்டம்மை தாக்கியதால் பொன்னான நாட்கள் வீணாகியிருந்தன. பிரிட்டிஷ் கப்பற்படை பின்னாலேயே வந்துவிட்டது. தம்மைச் சிறு படகொன்றில் கரையில் இறக்கிவிடும்படி அவர் தளபதி ஃபோர்பாவிடம் மன்றாடினார். தளபதி மறுத்துக் கப்பலைத் திருப்பினார். அடுத்த ஆண்டு மால்ப்லாக்கே போரில் பிரெஞ்சு அரசரின் குதிரைப்படையோடு திரும்பத் திரும்பப் பாய்ந்து, கையில் வாள்வெட்டு வாங்கினார். எதிரில் நின்ற படையில் அவர் ஆள விரும்பிய மக்களும் இருந்தார்கள். விருந்தளித்த அரசனுக்காகத் தம் குடிமக்களையே எதிர்த்துப் போரிட வேண்டிய இந்த நிலை, நாடிழந்த அரசர்களின் துயரங்களுள் ஆகக் கொடியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரான்சும் பிரிட்டனும் போரை முடித்துக்கொண்ட 1713-ஆம் ஆண்டு உட்ரெக்ட் உடன்படிக்கை அவரைப் பிரான்சை விட்டே வெளியேற்றியது. ஒரே தங்கையான லூயிசா மரியாவை முந்தைய ஆண்டில்தான் பெரியம்மைக்குப் பறிகொடுத்திருந்தார். லொரேன் நாட்டின் பார்-லெ-டுக் நகரில் தங்கியிருந்த அவரைத் தேடி, அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்த கேள்வி அங்கே வந்தது. லண்டனில் அக்கா ஆன் அரசியாக இருந்தார். பிள்ளைகளெல்லாம் இறந்துபோயிருந்தனர், உடல்நிலை மோசமாகிக்கொண்டிருந்தது. அமைச்சர்களான ஆக்ஸ்ஃபர்டு பிரபுவும் போலிங்புரோக்கும் ஹானோவர் குடும்பத்தாரை விரும்பவில்லை. 1714-இன் தொடக்கத்தில் அவர்கள் பக்கத்திலிருந்து ஜேம்ஸுக்குச் செய்தி போயிற்று: கத்தோலிக்கத்தை விட்டுவிடுங்கள், குறைந்தது விட்டுவிட்டதாகக் காட்டிக்கொள்ளுங்கள், அதன் பிறகு பேசலாம்.

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. முன்மாதிரி தேடி அவர் வெகுதூரம் போயிருக்க வேண்டியதில்லை. அவருடைய கொள்ளுப்பாட்டனார் பிரான்சின் நான்காம் ஹென்றி, 1593-இல் புராட்டஸ்டன்ட் மதத்தை விட்டுக் கத்தோலிக்கராகித் தம் அரியணையை உறுதிப்படுத்திக்கொண்டவர். ஜேம்ஸ் மறுத்தார். இங்கிலாந்தின் அரசு சார்ந்த புராட்டஸ்டன்ட் சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையின் உரிமைகளையும் சொத்துகளையும் காப்பதாக வாக்களிக்கத் தயாராக இருப்பதாகவும், யாருடைய மனச்சாட்சியையும் வற்புறுத்தப்போவதில்லை என்றும், அதே சலுகையைத் தமக்கும் தர வேண்டும் என்றும் பதில் எழுதினார். நாட்டுக்காகப் பொய்யாக நம்பிக்கையை மாற்றிக்கொள்பவன் நாளை நாட்டுக்குக் கொடுக்கும் வாக்கையும் அப்படியே மாற்றிக்கொள்வான் அல்லவா என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆகஸ்ட் முதல் நாள் ஆன் இறந்தார். ஹானோவரின் ஜார்ஜ் எதிர்ப்பின்றி அரசரானார். ஜேம்ஸ் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த அமைச்சர்கள் உண்மையிலேயே அவரைக் கொண்டுவந்திருப்பார்களா என்பது உறுதியில்லை. உறுதியானது ஒன்றே: வாய்ப்பு இருப்பதாக அவரே நம்பிய நேரத்தில் அவர் மறுத்தார்.

1715 செப்டம்பரில் மார் பிரபு ஸ்காட்லாந்தில் ஜேம்ஸுக்காகக் கிளர்ச்சிக் கொடி ஏற்றினார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பதினான்காம் லூயி இறந்திருந்தார். பிரான்சிலிருந்து படை வராது என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. நவம்பரில் ஷெரிஃப்மியூரில் வெற்றியும் தோல்வியும் இல்லாத ஒரு போர் நடந்தது. அதே நேரத்தில் இங்கிலாந்தின் பிரஸ்டனில் ஜேம்ஸின் ஆட்கள் சரணடைந்தனர். எல்லாம் முடிந்துபோன பிறகு, டிசம்பர் 22 அன்று, ஜேம்ஸ் பீட்டர்ஹெட் துறைமுகத்தில் இறங்கினார். ஸ்கோனில் முடிசூட்டு விழாவுக்கு நாள்கூடக் குறித்தார்கள், அது நடக்கவில்லை. எதிரிப் படையைத் தாமதப்படுத்துவதற்காக, பெர்த்துக்குத் தெற்கே இருந்த ஆக்டரார்டர் முதலிய ஊர்களை எரிக்கும் ஆணையில் அவர் கையெழுத்திட்டார். பனி கொட்டும் ஜனவரியில் குடும்பங்கள் வீடிழந்து தெருவில் நின்றன. பிப்ரவரி 4 அன்று மோன்ட்ரோஸில் கப்பலேறும்போது, கையில் இருந்த பணத்தை அந்த ஊர் மக்களுக்கு ஈடாகக் கொடுக்கச் சொல்லி விட்டுவிட்டு, எதிரித் தளபதி ஆர்கைல் பிரபுவுக்கே கடிதமும் எழுதி வைத்தார். அந்தக் கடிதம் அவர் மனத்தின் தன்மையைக் காட்டுகிறது. ஆனாலும் அது எரிந்த கூரைகளைத் திருப்பித் தராது. அதே மாதத்தில், சாங்-ஜெர்மேனில் அவரோடு சேர்ந்து வளர்ந்த இளம் டெர்வென்ட்வாட்டர் பிரபு லண்டனில் தலை வெட்டப்பட்டார்.

அதன் பிறகு அவரை வைத்துக்கொள்ள ஐரோப்பாவில் இடம் சுருங்கியது. பிரான்சும் பிரிட்டனும் கூட்டணி சேர்ந்ததால், லொரேனும், பிரான்சுக்குள் இருந்த அவிஞ்ஞோன் நகரும் அவருக்கு மூடப்பட்டன. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, இத்தாலியில் திருத்தந்தையின் (போப்பின்) ஆட்சிப் பகுதிக்குள் போவதைத் தவிர வழியில்லை. எதிரிகளுக்கு அதுதான் வேண்டியிருந்தது; ரோமாபுரியில் குடியிருக்கும் ஒருவரை ஆங்கிலேயர் எக்காலத்திலும் அரசராக ஏற்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். உர்பினோவில் சில காலம் இருந்துவிட்டு, திருத்தந்தை பதினோராம் கிளமென்ட் ஏற்பாடு செய்துகொடுத்த ரோமின் முத்தி மாளிகையில் அவர் குடியேறினார்.

போலந்தை ஆண்ட ஜான் சோபியஸ்கியின் பேத்தி மரியா கிளமென்டினாவை அவர் மணந்த விதம் கதைபோல் இருக்கும். முதலாம் ஜார்ஜின் வேண்டுகோளுக்கு இணங்கி ஆஸ்திரியப் பேரரசர், மணமகளை இத்தாலி செல்லும் வழியில் இன்ஸ்புரூக்கில் சிறைவைத்தார். சார்லஸ் வோகன் என்ற அயர்லாந்துக்காரர் சில தோழர்களோடு 1719 ஏப்ரல் இறுதியில் அங்கே போய், ஒரு பணிப்பெண்ணை இளவரசியின் படுக்கையில் விட்டுவிட்டு, பதினாறு வயது கிளமென்டினாவை பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்குக் கூட்டிவந்தார். செப்டம்பரில் மோன்டெஃபியாஸ்கோனேயில் திருமணம் நடந்தது. 1720 கடைசி நாளில் சார்லஸும் 1725 மார்ச்சில் ஹென்றியும் பிறந்தனர்.

இந்த மணவாழ்க்கை முறிந்த காரணம், ஜேம்ஸைப் பற்றி நான் சொல்ல வந்ததோடு நேராகத் தொடர்புடையது. அவருடைய அரசவையில் புராட்டஸ்டன்ட்டுகள் பலர் இருந்தனர். திருத்தந்தையின் நகரத்திலேயே, தம் மாளிகைக்குள் ஆங்கிலிக்கன் குருக்கள் வழிபாடு நடத்த அவர் அனுமதி பெற்றிருந்தார். மூத்த மகனின் வளர்ப்புப் பொறுப்பை ஜேம்ஸ் முர்ரே என்ற புராட்டஸ்டன்ட்டிடம் ஒப்படைத்தார். ஆழ்ந்த பக்தி கொண்ட கிளமென்டினாவால் இதைத் தாங்க முடியவில்லை. அமைச்சர் இன்வர்னெஸ் பிரபுவும் அவர் மனைவியும் ஜேம்ஸிடம் பெற்றிருந்த செல்வாக்கும் சேர்ந்து கசந்தது. 1725 நவம்பரில் கிளமென்டினா ரோமின் டிராஸ்டெவெரே பகுதியிலுள்ள புனித செசிலியா கன்னியர் மடத்துக்குப் போய்விட்டார். திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் அரசியின் பக்கம் நின்று, ஜேம்ஸின் உதவித்தொகையையும் குறைத்தார். கத்தோலிக்கத்தை விடமாட்டேன் என்று லண்டனிடம் சொல்லி நாட்டை இழந்தவர், புராட்டஸ்டன்ட் ஆசிரியரை நீக்கமாட்டேன் என்று ரோமிடம் சொல்லி மனைவியையும் பணத்தையும் இழக்கத் துணிந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் 1714-ஆம் ஆண்டு மறுப்பு வெறும் பிடிவாதமல்ல என்பது விளங்குகிறது. மனைவியின் வேதனையைப் புரிந்துகொள்வதில் அவர் தவறினார் என்றும் சொல்லியாக வேண்டும். கிளமென்டினா திரும்பி வந்தார். ஆனால் கடும் நோன்புகளில் உடலை வதைத்துக்கொண்டு 1735 ஜனவரியில் முப்பத்திரண்டு வயதில் இறந்தார். அவருடைய உடலின் உள்ளுறுப்புகள் வைக்கப்பட்ட சாந்தி அப்போஸ்தோலி ஆலயம் மாளிகைக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே சென்று செபிப்பதை ஜேம்ஸ் வழக்கமாக்கிக்கொண்டார்.

கையில் அதிகாரம் இல்லாத அரசர் என்று அவரைச் சொல்லிவிடுவோம்; ஆனால் ஓர் அதிகாரம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்களை (பிஷப்புகளை) நியமிக்கப் பெயர் முன்மொழியும் உரிமையை ரோம் அவருக்குக் கொடுத்திருந்தது. இறக்கும் வரை அவர் அதைப் பயன்படுத்தினார். முத்தி மாளிகையில் எழுதப்பட்ட பெயர்தான் அயர்லாந்தில் மறைந்து வாழ்ந்து திருப்பலி நிறைவேற்றிய ஆயரின் பெயராயிற்று. லண்டன் அரசுக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? அயர்லாந்தின் ஒவ்வொரு கத்தோலிக்கரும் வேற்றரசரின் ஆள் என்று சொல்ல முடிந்தது. 1704-ஆம் ஆண்டுச் சட்டம், கத்தோலிக்கர் இறந்தால் நிலம் எல்லா மகன்களுக்கும் துண்டாகப் பிரிய வேண்டும், மூத்தவன் புராட்டஸ்டன்ட்டாக மாறினால் முழுவதும் அவனுக்கே என்று விதித்தது. 1709-ஆம் ஆண்டுச் சட்டம், ஜேம்ஸுக்கு அரியணையில் எந்த உரிமையும் இல்லை என்று சத்தியம் செய்யும்படி குருக்களைக் கட்டாயப்படுத்தியது. பதிவு பெற்றிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குருக்களில் சத்தியம் செய்தவர்கள் சுமார் 33 பேர். மற்றவர்கள் ஒருபோதும் பார்க்காத ஒரு மனிதருக்காகச் சட்டத்துக்கு வெளியே வாழ்ந்தார்கள். ரோமில் அவர் காத்த மனச்சாட்சிக்கு அயர்லாந்தின் சேற்றுவயல்களில் விலை கொடுக்கப்பட்டது.

இந்த விலையின் ஒரு பங்கு நம் மண்ணிலும் சிந்தியது. 1691-இல் இரண்டாம் ஜேம்ஸின் பக்கம் நின்ற லிமெரிக் நகரம் வீழ்ந்தபோது அயர்லாந்திலிருந்து பல்லாயிரம் போர்வீரர்கள் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தனர். அப்படி ஸ்டூவர்ட்டுகளின் பக்கம் நின்று நாடிழந்த ஓர் அதிகாரியின் மகன்தான், 1758-இல் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி. 1760 ஜனவரியில் வந்தவாசியில் அவரை எதிர்த்து வென்ற ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், லிமெரிக் பகுதியைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் குடும்பத்தவர். லாலியின் பெயர் தாங்கிய அயர்லாந்துப் படையணியும் அந்தக் களத்தில் இருந்தது. பள்ளிப் பாடத்தில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போராகவே நாம் அதைப் படித்தோம். 1688-இல் கலைந்த ஒரு நாட்டின் இரு தரப்பும் வடாற்காட்டுப் பக்கத்தில் எதிரெதிரே நின்றதை யாரும் சொல்லித் தரவில்லை. புதுச்சேரியை இழந்த குற்றத்துக்காக லாலி பாரிசில் தலை வெட்டப்பட்டது 1766 மே மாதம். ஜேம்ஸ் இறந்த அதே ஆண்டு.

1745-ஆம் ஆண்டின் கதை பலருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1744 ஜனவரியில் சார்லஸ் ரோமை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு தந்தையிடம் அனுமதி கேட்காமலே ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறி, ஆகஸ்டு 19 அன்று கிளென்ஃபின்னனில் தந்தையை அரசராகப் பிரகடனம் செய்து, லண்டனை நோக்கி டார்பி வரை முன்னேறித் திரும்பி, 1746 ஏப்ரல் 16 அன்று கலோடனில் எல்லாவற்றையும் இழந்தார். மறு ஆண்டு இளைய மகன் ஹென்றி தந்தையின் சம்மதத்தோடு, கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தைக்கு அடுத்த நிலையிலுள்ள கர்தினாலானார். அண்ணனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு கர்தினாலைத் தம்பியாகக் கொண்டவனை இங்கிலாந்து ஏற்காது என்று கொதித்த சார்லஸ், அதன் பிறகு தந்தையின் முகத்தில் விழிக்கவே இல்லை. 1750-இல் ரகசியமாக லண்டனுக்குப் போய் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். தந்தை கொடுக்க மறுத்த அந்த ஒன்றை மகன் கொடுத்தார். பதிலுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கடைசி ஆண்டுகளில் ஜேம்ஸ் படுக்கையை விட்டு அதிகம் எழவில்லை. வீட்டுக்கு வரும்படி மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1766 புத்தாண்டு நாளில் அவர் இறந்தார். சார்லஸ் ரோமுக்குள் வந்தது மூன்று வாரங்கள் கழித்து. உடல் அதற்குள் அரச மரியாதையோடு புனித பேதுரு பேராலயத்தில் அடக்கமாகிவிட்டது. தந்தைக்கு அளித்த அரசர் அங்கீகாரத்தை மகனுக்கு அளிக்கத் திருத்தந்தை பதின்மூன்றாம் கிளமென்ட் மறுத்தார். அயர்லாந்து ஆயர்களைப் பெயர் குறிக்கும் உரிமையும் அதோடு முடிந்தது. கத்தோலிக்கர் ஜார்ஜ் அரசருக்கு மனமொப்பி விசுவாசம் சொல்ல இனித் தடையில்லை என்றாயிற்று. 1778 முதல் நிலம் பற்றிய தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவருடைய ஆதரவாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போராடித் தர முடியாத நிம்மதியை, அவருடைய மரணம் அந்த மக்களுக்குத் தரத் தொடங்கியது. அவரை நேசிக்கும் எனக்கு இதை எழுதுவது எளிதாக இல்லை.

அவரை விலக்கிய 1701-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கத்தோலிக்கரை மணந்தவருக்கு இருந்த தடையை 2013-இல் இயற்றப்பட்ட சட்டம் நீக்கி, 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. அரியணையில் அமர்பவர் கத்தோலிக்கராக இருக்கக்கூடாது என்ற விதியை மட்டும் அது தொடவில்லை. 2023 மே மாத முடிசூட்டு விழாவில் மூன்றாம் சார்லஸ், தாம் உண்மையான புராட்டஸ்டன்ட் என்று எல்லோர் முன்னிலையிலும் உறுதிமொழி கூறிய பிறகே முடி ஏற்றார்.